எங்கடை ஒழுங்கைக்கு வராத கரோல்

தபாலதிபர் வீட்டு முற்றத்தில் மூன்றாவது கிறிஸ்து பிறப்புப் பாட்டும் முடிந்துவிட்டது. தலையில் பெற்றோமாக்ஸ் விளக்கோடு நின்ற செபநாயகம் மிச்ச வீடுகளை எண்ணிப் பார்த்தான். இந்த நத்தாருக்கும் கரோல் கூட்டம் தன் வீடிருக்கும் சின்ன ஒழுங்கைக்குள் திரும்பாவிட்டால் அவன் வீட்டுப் படலை திறக்காது.

மனைவி சிசிலியா பகலிலேயே சொல்லிவிட்டாள். அவள் பிறந்த நெல்லியடி வீட்டுக்கு ஒரு வருடமும் தவறாமல் கரோல் வந்ததாம். தகப்பன் கூலிக்காரன்தான், ஆனாலும் வந்ததாம். இங்கே வாழ வந்து நாலு நத்தாருக்குப் பலகாரம் சுட்டுக் காத்திருந்து, விடிய அதைத் தானே தின்றதுதான் மிச்சம்.

"இஞ்சருங்கோ, உவையள் உங்களை விளக்குச் சுமக்க மட்டுந்தான் வைச்சிருக்கினம். இண்டைக்கும் கரோல் வராட்டி நீங்களும் வரவேண்டாம்" என்றாள். பெட்டைகள் இரண்டையும் குளிக்க வார்த்து, பவுடர் பூசி, பொழுதுபட முன்னரே படலையடியில் இருத்தியும்விட்டாள்.

செபநாயகம் கிணறு வெட்டுகிறவன். முப்பதடிக்குக் கீழே வெடி வைத்துக் கல்லுடைக்கப் பயமில்லை. 'என்ரை வீட்டுக்கு வாருங்கோ' என்று கேட்கத்தான் பயம். கேட்டால் பிச்சை கேட்டது போலாகிவிடும். தபாலதிபர், ஓவசியர், டொக்டர் என்று கரோல் போகிற வீடுகளுக்கு அவனுக்கு யாரும் வழி சொல்லத் தேவையில்லை. இப்படியான கூட்டம் எந்த வாசலை மிதிக்கும் என்பது கூலிக்காரனுக்குத் தெரியாததா?

முதலில் பாட்டு நடத்தும் துரைராஜா வாத்தியாரிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தான்.

"சேர், எங்கடை வீட்டிலையும் பயத்தம்பணியாரம் சுட்டிருக்கினம்."

"அப்ப நல்லது" என்றார் வாத்தியார். அவ்வளவுதான்.

சாடை பலிக்காததால், தன் ஒழுங்கை முடக்கு வந்ததும் சும்மா நின்றுவிட்டான். நின்றால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்லலாம் என்பது கணக்கு. ஒருவரும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு மேளம் அடிக்கிற பேதுரு அந்த இடத்திலேயே டோல்கியைத் தட்டினான். கூட்டம் பாடத் தொடங்கியது. எதிரே இருந்தது புகையிலைத் தோட்டக்காரர் நாகலிங்கத்தின் வீடு. திருநீறு பூசிய நெற்றியோடு வெளியே வந்த மனுசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தன் வாசலுக்கும் யேசு வந்துவிட்டார் என்று பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொடுத்துத்தான் விட்டார். அரை மணித்தியாலம் போய்விட்டது.

விளக்கில் எட்டு மணி வரைக்கும்தான் எண்ணெய். மற்ற வீடுகளைக் கெதியாக முடித்தால் கடைசியில் தன் வீட்டுக்கு நேரம் கிடைக்கும் என்று செபநாயகம் எட்டி நடந்தான். பின்னால் எல்லோரும் ஓடினார்கள். கூடப் பாட வந்த பியாட்றிஸ் ரீச்சரின் செருப்பு வார் அறுந்தது. அவர் மதகில் இருந்துவிட்டார். வாருக்கு ஊசி தேடிப் பத்து நிமிடம்.

மிச்சம் டொக்டர் வீடு, ஊரின் மற்றத் தொங்கலில், கடைசி வீடு. எண்ணெய் முடிகிறது என்று நினைத்தால் திரும்பிவிடுவார்கள், திரும்பும் வழியில்தான் தன் வீடு. செபநாயகம் கையை உயர்த்தி விளக்கின் காற்றுத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினான். வெளிச்சம் மங்கியது.

"அண்ணை, காத்துக் காணாது. இறக்குங்கோ" என்று பேதுரு விளக்கைப் பிடுங்கி நிலத்தில் வைத்து, சைக்கிளுக்குக் காற்றடிப்பவன் போலப் பம்ப் அடித்தான். ஆறாவது அடியில் உள்ளே வெளிச்சம் தருகிற மென்ரில் வலை பொடிந்து சாம்பலாய் விழுந்தது. வேறு மென்ரில் இல்லை. சண்டையால் பாதை பூட்டி யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரமே வராத காலம், மென்ரிலுக்கு எங்கே போவது?

"சரி பிள்ளையள், இண்டைக்கு இவ்வளவுதான். வீடுகளுக்குப் போவம்" என்றார் வாத்தியார்.

இருட்டில் முகம் தெரியாதது செபநாயகத்துக்குத் துணிவாக இருந்தது. நாலு வருடம் அடக்கி வைத்தது வாயால் வந்தது.

"கல்லுச் சுமந்த தலை எண்டுதானே விளக்கைத் தூக்கி வைச்சனீங்கள், சேர். வருசாவருசம் பெரிய வீடுகளாய்ப் பாத்துப் பாத்துப் போறியள். என்ரை வீட்டுக்கு ஒருக்கால் வந்தால் குறைஞ்சே போவியள்? என்ரை பெட்டையள் படலையிலை குந்திக்கொண்டிருக்குதுகள்."

பேதுருதான் பதில் சொன்னான்.

"பெரிய வீடுகளாய்ப் பாத்துப் பாத்துக் கூட்டிக்கொண்டு போனது நீங்களெல்லோ, அண்ணை. நாங்கள் விளக்குக்குப் பின்னாலைதானே வாறம்."