ஷோகேஸில் ஒரு போத்தல்

"லைலா, இது எப்படி ஷோகேஸுக்குள்ள வந்தது?"

மஜீட் கண்ணாடி அலுமாரியைக் காட்டிக் கேட்டான். கண்ணாடிக்குப் பின்னால், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில், ஒரு வைன் போத்தல் நின்றது.

"உங்கட வேனுக்குள்ள கிடந்தது. ஒலிவ் எண்ணெயெண்டு எடுத்து வச்சன். வடிவாத்தானே இருக்கு?" என்றாள் அவன் மனைவி லைலா.

"அது வைன் புள்ள! குடிக்கிற வைன்!"

"அல்லாஹ்வே! துணியால துடைச்சும் வச்சனே!"

நேற்று அவன் வேனில் வந்து அறுகம்பே கடற்கரையில் இறங்கிய வெள்ளைக்காரி அன்பாகத் தந்தது அது. பாண்டிருப்பில் வேன் ஓட்டும் வினோஜுக்குக் கொடுத்துவிடலாமென்று மஜீட் வாங்கி வைத்திருந்தான். அவள் வழிநெடுக விளக்கமும் சொல்லியிருந்தாள். மூன்று வெள்ளைத் திராட்சைகளின் கலவை. ஒன்று வாசத்துக்கு, ஒன்று புளிப்புக்கு, மற்றது கனத்துக்கு. இறால், நண்டு, இஞ்சி போட்ட உறைப்புக் கறி எல்லாவற்றுக்கும் பொருந்தும். மாட்டிறைச்சி மட்டும் ஆகாது. அந்தக் கொழுப்பு இந்த மெல்லிய வாசத்தை அமுக்கிவிடும்.

அடுப்பில் மாட்டிறைச்சிதான் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் றிப்னாவின் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள்.

அவர்கள் ஊரான சாய்ந்தமருதில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து வாழப்போவது அங்கே. அதனால் பெண்ணைவிட வீட்டைத்தான் நுணுக்கமாகப் பார்ப்பார்கள். முதல் சம்பந்தம் கிணற்றுத் தண்ணீர் உப்பென்று போனது. அடுத்தது மதில் உயரம் காணாதென்று போனது. இந்த மாப்பிள்ளையை றிப்னாவுக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

"வாப்பா, அவங்கட வேன் ஒழுங்கைக்குள்ள வந்திட்டு!" என்றாள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த றிப்னா.

வெளியே கொண்டுபோக வழியில்லை. மஜீட் அடுப்படிக்கு ஓடி, மூடியைத் திருகி, குசினித் தொட்டிக்குள் முழுவதையும் ஊற்றினான். வெறும் போத்தலை அரிசி மூட்டைக்குள் புதைத்தான். றோசாப்பூவையும் றம்புட்டானையும் சேர்த்து நசுக்கியது போல ஒரு வாசம் எழுந்தது.

வாசம் என்பது காற்றில் பறக்கும் பொருள். குளிரில் அடங்கிக் கிடக்கும், சூட்டில் எழும்பும். வாசத்தைக் கழுவிவிடக் கேத்தலில் கொதித்த தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிய பிறகுதான் மஜீடுக்கு இது விளங்கியது. ஆவி குசினியை நிறைத்தது. விரட்டுவதற்காக ஃபேனைப் போட்டான். அது மொத்தத்தையும் அள்ளி ஹோலுக்குள் கொண்டுபோனது.

"பன்னீரைத் தெளிங்க!" என்றாள் லைலா.

தெளித்தான். றோசா வாசம் இரண்டு மடங்கானது.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

மாப்பிள்ளையின் வாப்பா ஆதம்பாவா ஹாஜியார் முன்னால் வந்தார். பின்னால் அவர் தம்பி அபூசாலி. இளம் வயதில் வெள்ளைக்காரர் கப்பலில் வேலை செய்தவர். இப்போது பள்ளிவாசலில் முதல் வரிசையை விடாதவர். அவர் தலையாட்டாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு காரியமும் நடக்காது.

"மாஷா அல்லாஹ்! என்ன அத்தர் தம்பி இது?" என்றார் ஹாஜியார்.

"அது... வேனுக்குப் பாவிக்கிறது ஹாஜியார்."

"எனக்கும் ஒரு போத்தல் எடுத்துத் தாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூசிட்டுப் போகலாம்."

லைலா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அபூசாலி மட்டும் மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்தார். சாப்பிடும்போது இறைச்சியைத் தொட்டுப் பார்த்து ஓரமாக ஒதுக்கினார். பிறகு எழுந்து, கை கழுவக் குசினித் தொட்டிக்கே போனார். போனவர் வெகுநேரம் அங்கே குனிந்து நின்றார்.

முடிந்தது என்று நினைத்தான் மஜீட். உப்புத் தண்ணீருக்கும் உயரம் காணாத மதிலுக்கும் பரிகாரம் உண்டு. குடிக்கிற வீடென்ற பேர் வந்தால் றிப்னாவுக்கு ஊரில் எந்த மாப்பிள்ளை வருவான்?

அபூசாலி கையைத் துடைத்தபடி ஹோலுக்கு வந்தார். அண்ணனைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். பிறகு மஜீடின் காதோடு குனிந்தார்.

"கல்யாணத்துக்கு இறால் ஆக்குங்க தம்பி. இந்த வாசத்துக்கு மாட்டிறைச்சி சரிவராது."