மூட்டு தேய்ந்த மூக்காயியும் முள்ளம்பன்றி டாக்டரும்

ஒரு காட்டில், காடு என்றால் பாதி பாறை, மீதி புல், மூக்காயி என்றொரு வரையாடு இருந்தாள். ஏழு குட்டி பெற்றவள். இடது முன்னங்கால் மூட்டில் அவளுக்குக் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. நடந்தால் கறுக் என்றது, நின்றால் சுருக் என்றது.

மனிதர்களுக்கு என்றால் பரவாயில்லை, லிஃப்டில் போவார்கள். வரையாட்டுக்கு ஏது லிஃப்ட்? பொழுது சாய்ந்ததும் மந்தை முழுக்கச் செங்குத்துப் பாறையில் ஏறிவிட வேண்டும். கடைசியாக ஏறுகிறவர் எட்டினால் சிறுத்தை எடுத்துக்கொள்ளும் என்பது அந்தக் காட்டு வழக்கம். மூன்றாவதாக ஏறிக்கொண்டிருந்த மூக்காயி இப்போது கடைசிக்கு முந்தினவள். கடைசி ஆள் ராக்கப்பன், வலது முழங்கால் கோணிப்போன கிழட்டுக் கடா. 'அந்தாளு இருக்குற வரைக்கும் நம்ம உசிருக்குப் பயமில்ல' என்று நினைப்பாள். நினைத்ததற்கு வெட்கப்படுவாள். மறுநாள் சாயங்காலம் மறுபடி நினைப்பாள்.

இப்படி இருக்கையில் அங்கே 'வன மூட்டு, எலும்பு நல ஆராய்ச்சி நிலையம்' திறந்தார்கள். தலைவர் டாக்டர் குலசேகரன், ஒரு முள்ளம்பன்றி. ஊசிக்கு அவர் எங்கும் அலைய வேண்டியதில்லை, முதுகிலேயே இருந்தது. எந்நேரமும் ஏதாவது ஒரு எலும்பைக் கொறித்துக்கொண்டிருப்பார். முள்ளம்பன்றிக் குலத்துக்கே உள்ள பழக்கம்தான். அவர் படித்தவர் என்பதால் அதை ஆய்வு என்று சொன்னார்.

நிலையத்தின் புரவலர் சிறுத்தை. வாசல் பலகையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "ஐயாவுக்கு நம்ம மூட்டு மேல எவ்வளவு அக்கறை பாத்தியா!" என்று மந்தையே உருகியது.

ராக்கப்பன் உட்பட நொண்டுகிற பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். படிவம் பதினான்கு பக்கம். மூக்காயி எல்லாப் பக்கத்திலும் குளம்பு ரேகை வைத்தாள்.

"அம்மியும் குழவியும் மாதிரிதாம்மா மூட்டு," என்றார் டாக்டர். "நடுவுல மாவு இருக்குற வரைக்கும் சத்தமில்ல. உனக்கு மாவு தீந்துபோச்சு. குருத்தெலும்பு தானா வளராது. அதான் மருந்து கண்டுபிடிச்சிருக்கேன். ஆறு பேருக்கு மருந்து, ஆறு பேருக்கு ஓடைத் தண்ணி."

"எனக்கு எது டாக்டரய்யா?"

"அது எனக்கே தெரியக் கூடாது."

"தெரியாமலா ஊசி போடுவீங்க?"

"அதுக்குப் பேருதாம்மா ஆராய்ச்சி," என்று முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் குத்தினார்.

மாதம் ஒரு பரிசோதனை. இடம், பாறை உச்சி. ஏறி வருகிறவர்களிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுவார்கள். அடிவாரத்தில் புரவலர் உட்கார்ந்து எல்லோரையும் ஊக்குவிப்பார்.

முதல் மாதம் ஒன்பது பேர் உச்சிக்கு வந்தார்கள். இரண்டாம் மாதம் ஐந்து. ராக்கப்பனைக் காணோம்.

"ராக்கப்பன் வரலியே?" என்றாள் மூக்காயி.

டாக்டர் தன் ஏட்டைக் காட்டினார். 'வராதவர்கள் குணமடைந்துவிட்டதால் வரவில்லை எனக் கொள்ளப்படுகிறது.'

மறுநாள் அவள் நிலையத்துக்குப் போனபோது டாக்டர் ஒரு கால் எலும்பைக் கொறித்துக்கொண்டிருந்தார். வலது முழங்கால், கோணல். அது தனக்குப் பின்னால் வருகிறதா என்று ஒரு வருடமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தவள், தெரியாமல் போகுமா?

"அருமையான மாதிரி," என்றார் டாக்டர். "உசிரோட இருக்குறவங்க யாரும்மா மூட்டைத் திறந்து பாக்க விடுறாங்க? பதிமூணாம் பக்கத்துல எல்லாரும் சம்மதம் குடுத்திருக்கீங்க."

"என் பேரை எடுத்துடுங்க."

"தாராளமா. விலகல் படிவம் உச்சியில தருவாங்க."

மூன்றாம் மாதம் மூக்காயி படிவத்துக்காக ஏறினாள். அவளுக்குப் பின்னால் இப்போது ஒருவரும் இல்லை, புரவலரைத் தவிர. பாதிப் பாறையில் அவர் மூச்சு அவள் வாலில் பட்டது. எதிரே ஒரு பிளவு, இளவட்டங்களே சுற்றிப் போகிற பிளவு. மூக்காயி கண்ணை மூடிக்கொண்டு தாவினாள். மூட்டுக்குள் ஏதோ முறிந்தது. ஆனால் அந்தப் பக்கம் போய் விழுந்தாள்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன தாவல்! வலி ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எவ்வளவு?"

"பன்னெண்டு," என்று முனகினாள்.

"பத்துக்கு மேல கட்டம் இல்லியே. காலியா விட்டுடுறேன்." காலியான கட்டத்துக்கு வலி இல்லை என்று பொருள்.

பிறகு, யாருக்கு எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்தார்கள். மூக்காயிக்குப் போட்டது ஓடைத் தண்ணீர். டாக்டர் அசரவில்லை. 'உச்சிக்கு வந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேரால் உச்சிக்கு வர முடிகிறது. தண்ணீரே இந்தப் போடு போட்டால் மருந்து என்ன போடு போடும்!' என்று அறிக்கை முடிந்தது. புரவலர் மகிழ்ந்துபோய் அடுத்த கட்ட ஆராய்ச்சிக்கு உத்தரவிட்டார்.

மந்தை இரண்டு நாள் அவளை முட்டித் தள்ளி ஏற்றி இறக்கியது. மூன்றாம் நாள் யாருக்கும் நேரமில்லை. விலகல் படிவத்தை வாயில் கவ்விக்கொண்டு மூக்காயி நிலையத்துக்கு நொண்டி நொண்டிப் போனாள். வாசலில் புது ஆட்கள் பன்னிரண்டு பேர். ஒருவன் மூன்று காலில் நின்றான். ஒருத்தியால் நிற்கவே முடியவில்லை.

"அக்கா, நீங்கதானே பிளவைத் தாண்டினது? மருந்து கேக்குதாக்கா?" என்றாள் அவள்.

மூக்காயி அந்த வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு முழங்காலாகப் பார்த்தாள். தன்னைவிட மெதுவாக ஏறக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தாள். பிறகு வாயில் இருந்த படிவத்தை மென்று விழுங்கினாள்.

"நல்லாக் கேக்குதுடி," என்றாள். "சீக்கிரம் ரேகை வை."

நீதி: தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளராது. கவலை வேண்டாம், நமக்குப் பின்னால் வரிசை வளர்ந்தால் போதும்.