பச்சை இல்லத்து யுத்த டாங்கி

நான் எந்த இராணுவத்திலும் ஒரு நாள்கூட இருந்தவனல்ல. துப்பாக்கியைத் தொட்டதில்லை. தீபாவளிப் பட்டாசுக்கே காதைப் பொத்திக்கொள்கிற ஆள். ஆனாலும் யுத்த டாங்கி ஒன்றுக்குள் சிக்கி, தச்சரை வரவழைத்துப் பலகை பலகையாகக் கழற்றி வெளியே எடுக்கப்பட்டவன் என்ற பெருமை எனக்கு உண்டு. கண்டியில் அந்தப் பெருமைக்கு வேறு யாரும் இதுவரை உரிமை கோரவில்லை.

நடந்தது எழுபதுகளில். கண்டிக்குப் பக்கத்தில் ஒரு மலைச்சரிவில் இருந்த தமிழ்ப் பாடசாலையில் எனக்கு விஞ்ஞான ஆசிரியர் வேலை புதிதாகக் கிடைத்திருந்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஆங்கிலச் சஞ்சிகை ஒன்று அப்போது எப்போதும் என் பைக்குள் இருக்கும். உலகத்தின் நவீன யுத்த டாங்கிகளை ஒப்பிட்டு எழுதிய நீண்ட கட்டுரை அதில் இருந்தது. அதைப் படித்துப் படித்து நான் ஆசிரியர் அறையின் படைத்தளபதி ஆகிவிட்டேன். (யாரும் நியமிக்கவில்லை. நானாகவே பொறுப்பேற்றுக்கொண்டேன்.)

"டாங்கி கட்டுறவனுக்கு மூணு ஆசைங்க" என்று தேநீர் இடைவேளையில் தொடங்குவேன். "அடிச்சா தாங்கணும், திருப்பி அடிச்சா எதிரி எந்திரிக்கக் கூடாது, ஓட வேண்டிய நேரத்துல ஓடணும். ஆனா இந்த மூணும் ஒரே டாங்கியில கிடைக்காது. பிரிட்டிஷ்காரன் சீஃப்டன் டாங்கியில கவசத்தையும் பீரங்கியையும் பெருசாக்குனான், அது ஆமை மாதிரி போகுது. ஜெர்மன்காரன், எவ்வளவு தடிப்பா போட்டாலும் புதுக் குண்டு துளைக்கத்தானே போகுதுன்னு லெபர்ட்ல கவசத்தக் குறைச்சு வேகத்தக் கூட்டினான். ரஷ்யாக்காரன் ஆளே தெரியாத மாதிரி உயரத்தக் குறைச்சுப் பதிவா கட்டினான். உள்ள இருக்கிறவன் கூனிக்கிட்டு இருக்கணும்."

மற்ற ஆசிரியர்கள் இந்த இடத்தில் மணி அடிக்காதா என்று கூரையைப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். சிவமலர் மிஸ். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, அம்பிட்டியவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த கணித ஆசிரியை.

"அப்ப நீங்கள் எதை எடுப்பியள், சேர்?" என்று ஒருநாள் கேட்டார்.

"கவசந்தான் மிஸ். சந்தேகமே இல்ல. முதல்ல உயிரோட இருக்கணும்ல?"

"ஓடித் தப்பினாலும் உயிரோட இருக்கலாம்தானே?"

அதற்குப் பதில் தேடிச் சஞ்சிகையைப் புரட்டினேன். அதிலும் இல்லை. அன்று முழுக்க வகுப்பில் ஆர்க்கிமிடிசைப் பாதியில் விட்டுவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாணவர்களை நிறவாரியாக இல்லங்களாகப் பிரித்து நடத்தும் அந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கியது. எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் ஓட்டப் போட்டியைவிட இல்ல அலங்காரத்துக்குத்தான் மவுசு. ஒவ்வொரு இல்லமும் கடதாசி, மூங்கில், தகரம் என்று கையில் அகப்பட்டதைக் கொண்டு கப்பலோ கோபுரமோ கட்டி நிறுத்தும். பச்சை இல்லம் கடைசி இடத்தைத் தன் சொந்தக் காணியாக நினைத்து அதிலேயே குடியிருந்த இல்லம். அதன் பொறுப்பைப் பாடசாலை அதிபர் எனக்கும் சிவமலர் மிஸ்ஸுக்கும் கொடுத்தார். "கல்வித் திணைக்களத்துல இருந்து பெரியவர் பிரதம விருந்தாளியா வர்றார். தம்பி, ஒங்களுக்கு இன்னும் வேல நிரந்தரமாகல. ஞாபகம் இருக்கட்டும்" என்று அன்பாகவே சொன்னார். அன்பாகச் சொன்னதால்தான் பயமாக இருந்தது.

நான் டாங்கி என்றேன். நின்று பார்க்கும் டாங்கி அல்ல. அணிவகுப்பில் உருண்டு வந்து, விருந்தினருக்கு முன்னால் பீரங்கியால் பூச்சொரியும் டாங்கி. (நம் நாட்டில் டாங்கி என்றால் பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்க முடிந்த காலம் அது. பிறகு அந்தச் சிரிப்பு யாருக்கும் வரவில்லை.)

கண்டி டவுனில் இரும்புக் கடை வைத்திருந்த என் அப்பாவிடம் மூட்டை ஏற்றும் நாலு சக்கரத் தள்ளுவண்டியையும், விலைபோகாத தகரங்களையும் கேட்டேன்.

"எதுக்குடா?"

"டாங்கி செய்யப் போறோம்பா."

"தண்ணி டாங்கியா?"

"யுத்த டாங்கி."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்னைய வாத்தியார் வேலைக்குத்தானடா அனுப்பினேன்?" என்றார். ஆனாலும் வண்டி வந்தது.

தேயிலைப் பெட்டிப் பலகையால் உடல். எண்ணெய் பீப்பாயை வெட்டிச் சுழல்மேடை. மழைத்தண்ணீர்க் குழாய் பீரங்கி. அதற்குள் செவ்வந்திப் பூவும், புகை மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணக்கட்டித் தூளும் நிரப்பி, சைக்கிள் டியூப்பை இழுத்து விட்டால் பீச்சியடிக்கும். இது சிவமலர் மிஸ்ஸின் கணக்கு, அழகாக வேலை செய்தது. மீதியெல்லாம் என் கோட்பாடு.

ரஷ்ய பாணியில் உயரத்தைக் குறைத்தேன். விளைவாக, ஆறடி உயரமான நான் உள்ளே முழங்காலை நாடியில் முட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. பார்க்கும் துவாரம் பெரிதானால் கவசம் பலவீனமாகும் என்று அதைத் தபால்பெட்டி வாய் அளவுக்குச் சுருக்கினேன். ஏறும் வாசலையும் அப்படியே. முன்பக்கத்துக்குச் சாய்வாகத் தகரம் அடித்தேன். அதன்மேல் பலகை, பலகைமேல் இன்னொரு தகரம்.

"சேர், எங்களை ஆரும் சுடப் போறேல்லை" என்றார் சிவமலர் மிஸ். "நீல இல்லம் வச்சிருக்கிறது ஒரு புறா."

உண்மைதான். நீல இல்லம் வெள்ளைக் கடதாசியில் ஆள் உயரச் சமாதானப் புறா ஒன்றைச் செய்து மைதானத்தின் நடுவில் நிறுத்தியிருந்தது. ஆனாலும் கொள்கை கொள்கைதானே.

மைதானம் பாடசாலைக்குக் கீழே இருந்தது. மேலிருந்து சரிவான செம்மண் பாதையில் இறங்கித்தான் போக வேண்டும். ஆகவே பின்னால் ஒரு கயிறு கட்டி, பெரிய வகுப்பு மாணவர்கள் பிடித்துக்கொண்டே இறக்க வேண்டும் என்று மிஸ் ஏற்பாடு செய்தார். கயிற்றின் தடிப்பையும் கணக்குப் பார்த்தே எடுத்தார்.

போட்டி நாள் காலையில் நான் முன்பக்கத்தில் இன்னொரு தகரம் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது எப்ப போட்டது?"

"இப்பத்தான் மிஸ். பாருங்க, என்ன கம்பீரம்!"

"கயிறு தாங்காது, சேர். கழட்டுங்கோ."

"கனம் கூடுனாத்தான் ஆடாம அசையாம போகும்."

"போகும்தான். எங்க போகும் எண்டதுதான் கேள்வி."

கழற்ற நேரமில்லை. பாண்ட் வாத்தியம் தொடங்கிவிட்டது. போதாக்குறைக்கு ஒரு தூறல் விழுந்து செம்மண்ணை வழுக்கும் சவர்க்காரமாக்கிவிட்டு நின்றது. நான் உள்ளே புகுந்துகொண்டேன்.

பாதி வழிவரை ஒரு சக்கரவர்த்தியைப் போலத்தான் இறங்கினேன். கூட்டம் ஆரவாரித்தது. பிறகு பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆரவாரம் வேறு சுருதிக்கு மாறியது. "சேர்! சேர்!" என்ற மாணவர்களின் குரல் எனக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே போனபோதுதான் விஷயம் விளங்கியது. ஆமையாக இருக்க வேண்டிய என் சீஃப்டன் லெபர்ட்டாக மாறிவிட்டது.

முன் சக்கரத்தைத் திருப்பும் கயிற்றை இடப்பக்கம் இழுத்தேன். டாங்கி வலப்பக்கம் போனது. துவாரம் வழியே எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கீற்று வானம், ஒரு கீற்றுப் புல், பிறகு திடீரென்று வெள்ளை. ஒரே வெள்ளை. பீரங்கி புறாவின் நெஞ்சில் ஏறி முதுகால் வெளியே வந்துவிட்டது. டாங்கி புறாவையும் தூக்கிக்கொண்டு, வரவேற்புப் பதாகையையும் சுருட்டிக்கொண்டு, ஆட்கள் கதிரைகளை விட்டுவிட்டுச் சிதறி ஓட, தேநீர்க் கொட்டகைக்குள் நுழைந்து வடைத் தட்டுகளுக்கு நடுவே நின்றது. நின்ற அதிர்ச்சியில் டியூப் விடுபட்டுப் பீரங்கி வெடித்தது. அதுவரை கறுப்புக் கோட்டில் இருந்த அதிபர் வெள்ளைக் கோட்டில், தோளில் செவ்வந்திப் பூவோடு நின்றார்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கும் இல்லை. கவசம் பற்றிய என் கோட்பாடு நூற்றுக்கு நூறு நிரூபணமாகியிருந்தது. வாசல்தான் மோதலில் நெளிந்து மூடிக்கொண்டது.

வெளியே தகரத்தில் தட்டும் சத்தம்.

"சேர், உள்ள உயிரோட இருக்கிறியளோ?"

"ஓம்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக 'ஆமாங்க' வாயில் வராமல், சிவமலர் மிஸ்ஸின் யாழ்ப்பாணத்து 'ஓம்'தான் வந்தது.

"வெளிய வாங்கய்யா!" இது அதிபர்.

"முடியல சேர்."

தச்சருக்கு ஆள் அனுப்பினார்கள். அதற்கிடையில் விழாவை நிறுத்த முடியாது என்று பிரதம விருந்தாளி ஒலிவாங்கியைப் பிடித்தார். என் வேலை போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் உரக்கப் பேசத் தொடங்கினார்: "யுத்தம் சமாதானத்தை எப்படிக் குத்திக் கிழிக்கும், மக்கள் எப்படிச் சிதறி ஓடுவார்கள், கடைசியில் யுத்தம் செய்தவனே வெளியே வர வழியில்லாமல் எப்படி மாட்டிக்கொள்வான் என்பதை, இரண்டு இல்லங்களும் சேர்ந்து இவ்வளவு தத்ரூபமாக நடித்துக் காட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!"

கைதட்டல் அடங்கவே இல்லை. முதலிடம் பச்சைக்கும் நீலத்துக்கும் கூட்டாகக் கிடைத்தது. அதிபர் தோளில் இருந்த பூவைத் தட்டிவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, எல்லாம் தன் யோசனைதான் என்பதுபோல் தலையசைத்தாராம். (நான் பார்க்கவில்லை. என் துவாரம் வேறு பக்கம் இருந்தது.)

தச்சர் வரும்வரை சிவமலர் மிஸ் கொட்டகையில் தப்பிய ஒரு கதிரையை இழுத்துப்போட்டு டாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தபால்பெட்டி வாய்க்குள் முழு வடை நுழையாததால் பிய்த்துப் பிய்த்துத் தந்தார்.

"அந்தச் சஞ்சிகையை நானும் வாசிச்சனான்" என்றார். "நீங்கள் வகுப்புக்குப் போற நேரம் மேசையில கிடக்கும். உங்களோட சண்டை பிடிக்கிறதுக்காகவே முழுக்க வாசிச்சனான்."

என்னோடு சண்டை பிடிப்பதற்காக ஒருத்தி ஆங்கிலத்தில் டாங்கிகளைப் பற்றிப் படித்திருக்கிறாள் என்பது அந்த இருட்டுக்குள் எனக்கு என்னவோ செய்தது.

"ஒண்டு வேணுமெண்டா இன்னொண்டை விடத்தான் வேணும், சேர். அதைத்தானே முழுக் கட்டுரையும் சொல்லுது. நீங்கள் எல்லாத்தையும் வச்சுக்கொண்டிருந்தா எப்பிடி?"

"நீங்க எத விடுவீங்க?"

அவர் இன்னொரு வடையைப் பிய்த்தார். பிறகு, "நான் கவசத்தை விடுவன்" என்றார். அடுத்த வடைத் துண்டோடு விரலும் உள்ளே வந்தது. நான் வடையை வாங்கிக்கொண்டேன். விரலையும் சற்று நேரம் விடவில்லை. தச்சர் சுத்தியலோடு வந்து நின்று தொண்டையைச் செருமியபோது, இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாமே என்று நான் நினைத்தது உண்மை.

கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் லேசில் சம்மதிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் நடுவில் வரைபடத்தில் இருப்பதைவிட அதிகத் தூரம் இருந்தது. என் அப்பா நெளிந்த தள்ளுவண்டியைக் காட்டியே கொஞ்ச காலம் தட்டிக்கழித்தார். அவளுடைய அப்பா ரயிலேறி வந்து, என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "டாங்கிக்குள்ள இருந்த பெடியன் நீர்தானோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை, பாவம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஓர் அறைக்குள் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தால் போதும். கதவைத் தட்டி, "உள்ள உயிரோட இருக்கிறியளோ?" என்று கேட்டுவிடுவார்கள். பிள்ளைகள் கேட்டார்கள். மருமகள் வந்த வாரமே கற்றுக்கொண்டாள். பேரப்பிள்ளைகள் குளியலறைக் கதவில் நின்று, நான் "ஓம்" சொல்லும்வரை நகர மாட்டார்கள்.

அண்மையில் முதுகுவலிக்காக ஆஸ்பத்திரியில் என்னை ஒரு பெரிய ஸ்கான் இயந்திரத்துக்குள் படுக்க வைத்துத் தள்ளினார்கள். மூக்குக்கு மேலே கூரை. கையில் தந்திருந்த மணியை இரண்டு தடவை அழுத்திவிட்டேன். "ஐயா பயப்படுறார் போல, நீங்க ஒரு வார்த்த பேசுங்க" என்று தாதி வெளியே ஒலிவாங்கியைச் சிவமலரிடம் கொடுத்திருக்கிறாள்.

காதுக்குள் கரகரத்தது குரல்: "சேர், உள்ள உயிரோட இருக்கிறியளோ?"

நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் படம் முழுக்கக் கலங்கிப்போய்விட்டது. தாதி சிவமலரை அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டு, என்னை மறுபடியும் உள்ளே தள்ளினாள்.