பெண் பார்க்கப் போன இடத்தில் அன்னாசிப்பழம்

நான் ஒரு கோழை. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள், அதுவும் உதாரணங்களோடு.

அவள் பெயர் தர்சினி. பட்டணத்தில் ஒரு கணக்கியல் வகுப்பில் பழக்கமாகி, மூன்று வருடம் காதலித்தோம். அவள் ஊர் நீர்வேலி. தகப்பனார் வாழைத் தோட்டக்காரர், அளந்து கதைப்பவர். என் ஊர் கரவெட்டி. "ஒருக்கா வந்து அப்பாவோடை கதையுங்கோ. அவர் ஆளைக் கடிச்சுத் தின்னமாட்டார்" என்று மாதம் ஒரு தடவையாவது சொல்வாள். என் நண்பன் குகனும் அதையேதான் சொன்னான். "நேரை போய் ஒரு வசனம் சொல்லடா. முடிஞ்சுது."

எனக்கு அந்த ஒரு வசனத்தைத் தவிர மற்ற எல்லாம் செய்யலாம் போலிருந்தது. ஆகவே திட்டம் போட்டேன். காதலைப் பேச்சுக் கலியாணமாக மாற்றிவிடுவது! (ஊரில் இது ஒன்றும் புதிதல்ல. பெரியவர்கள் பேசி முடித்த கலியாணங்களில் பாதி இப்படித்தான் என்பது என் அபிப்பிராயம்.) தர்சினியும் குகனும் அரைமனதோடு சம்மதிக்க, ஒரு கலியாணப் புரோக்கரைப் பிடித்தோம். அவர் தானே தேடிக் கண்டுபிடித்த சம்பந்தம் போல இரண்டு வீட்டிலும் சாதகக் குறிப்புகளைக் கொடுத்தார். சாத்திரியார் பொருத்தம் என்றார். மிச்சம் பெண் பார்ப்பது மட்டும்தான்.

அதற்குத் தர்சினியின் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏற்பாடாகியது. இரண்டு குடும்பமும் கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகக் கண்டுகொள்வது முறை. சரிவராவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை. எல்லாரும் நடிக்கும் இடத்தில் நான் கொஞ்சம் கூடுதலாக நடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

குகன் ஒரு கிழமை முழுக்கப் பயிற்சி தந்தான். "அவளைக் கண்டவுடனை பல்லைக் காட்டாதை. பேரைச் சொல்லிக் கூப்பிடாதை. நீ இதுக்கு முதல் காணாத ஆள், விளங்குதோ?"

"எனக்குத் தெரியாதோ?" என்றேன் பெரிய நடிகனைப் போல.

அன்று அம்மா, குகன், நான். தர்சினி தாய் தகப்பனோடு வந்தாள். நான் அவளை அந்நிய ஆளாகப் பார்த்த பார்வையில், அம்மா காதுக்குள் "ஏன்டா முறைக்கிறாய்? பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார். நான் விடவில்லை. "உங்கடை பேர் என்ன?" என்று தர்சினியிடமே கேட்டேன். அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு, நாணம் என்று எல்லாருக்கும் பட்டிருக்கும்.

பூசை முடிந்து ஐயர் பஞ்சாமிர்தம் கொடுத்தார். தர்சினி யோசனையில்லாமல் வாயருகே கொண்டுபோனாள்.

"தர்சி, வேண்டாம்! அதுக்குள்ளை அன்னாசி கிடக்கு! போனமுறை உமக்கு உதடு வீங்கி அந்தரப்பட்டது மறந்துபோச்சே?"

கத்தியது நான்தான். பிள்ளையாரே ஒருமுறை திரும்பிப் பார்த்தது போலிருந்தது.

தகப்பனார் அமைதியாகக் கேட்டார். "தம்பிக்கு உது எப்பிடித் தெரியும்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் குகன் பக்கம் கையை நீட்டினேன். "குகன்தான் சொன்னவன்."

அவர் குகன் பக்கம் திரும்பினார். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

குகன் என்னைப் பார்த்தான். நான் தூண்டாமணி விளக்கைப் பார்த்தேன்.

"தெரியும் ஐயா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

"அப்ப என்ரை பிள்ளையோடை பழக்கம் உமக்கோ? பிறகேன் இன்னொருத்தனுக்குப் பொம்பிளை பார்க்க வந்தனீர்?"

அம்மா தூணோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். குகன் அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. (வாய் நிறையப் பஞ்சாமிர்தம். பதற்றத்தில் என் பங்கை முழுக்கப் போட்டுவிட்டேன்.)

தர்சினிதான் பேசினாள். "அப்பா, அவரை விடுங்கோ. பழக்கம் இவரோடைதான். மூண்டு வருசம்." பிறகு என்னிடம், "ஒரு வசனம்தான் கேட்டனான். அதைச் சொல்லப் பயந்து சிநேகிதனையும் மாட்டிவிட்டிட்டியள்" என்றாள். போய்விட்டாள்.

அம்மாவை ஓட்டோவில் அனுப்பிவிட்டு, குகனை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து அவன் வீட்டுச் சந்தியில் இறக்கினேன். "அவர் ஏசினதுக்குக் கோவமில்லை" என்றான். "நீ விளக்கைப் பார்த்தாய் பார், அதுதான்."

மூன்று கிழமை தர்சினியும் குகனும் என் அழைப்பை எடுக்கவில்லை. எனக்காகக் கதைக்க ஒருவன், எனக்காகக் காத்திருக்க ஒருத்தி என்று இருந்ததால், நான் ஒரு வேலையும் செய்யாமலே நல்லவனாக இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிறு தனியாக நீர்வேலிக்குப் போனேன். தகப்பனார் வாழைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். என் வசனத்தைச் சொன்னேன். இயந்திர இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்த வேண்டியிருந்தது.

"ஐயா, நான் தர்சினியை விரும்பிறன்! கோயிலிலை பொய் சொன்னது நான்! குகனிலை ஒரு பிழையும் இல்லை!"

பக்கத்துத் தோட்டத்தில் மண்வெட்டிகள் நின்றன. அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "உதை உம்மடை சிநேகிதனிட்டைச் சொன்னனீரோ?"

"இல்லை ஐயா."

"முதல் அங்கை போய்ச் சொல்லிப்போட்டு வாரும். பிறகு என்ரை பிள்ளையைப் பற்றிக் கதைப்பம்."

போனேன். குகன் கதவைத் திறந்தவுடன் "சாப்பிட்டியோ?" என்று கேட்டான். நான் மன்னிப்பை முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை சாப்பிடவில்லை. அன்றிரவு தர்சினி என் அழைப்பை எடுத்தாள். அடுத்த ஆவணியில் கலியாணம்.

எட்டு வருடமாகிறது. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், கறண்ட் பில் கட்ட மறந்தாலும், நான் சாக்குச் சொல்லத் தொண்டையைச் செருமினால் போதும். தர்சினி கேட்பாள், "உதுவும் குகன் அண்ணையோ செய்தவர்?" மாமனாரும் கேட்பார். ஆறு வயது மகளும் இப்போது கேட்கிறாள்.

குகன் எங்கள் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல் பதில் சொல்வான்: "ஓம் தங்கச்சி, நான்தான்."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பேன்.