இரண்டாவது அறை கேட்டு அக்காவுக்கு எழுதியது

மாங்கெரே, ஆக்லாந்து
ஜூலை, புதன்கிழமை

நம் தீவில், நெயாஃபுவில் இருக்கும், என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பெயர் வைத்த, எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே இருக்கிற மரியாதைக்குரிய ஆனசேய்னி அக்காவுக்கு,

உங்கள் தம்பி இசிலேலி தலை தாழ்த்தி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, சபையின் பெண்கள் பாட்டுக்குழு உங்களைக் கண்டு இன்னும் நடுங்குகிறதா, வெனிலாக் கொடி இந்த வருஷம் பூத்ததா என்று வரிசையாக விசாரிக்க வேண்டும். விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் நான் நலம்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படுப்பது, தூங்குவது பற்றியெல்லாம் ஒரு தம்பி தன் அக்காவிடம் வாய் திறக்கக் கூடாது. ஐம்பது வயது வரை நான் திறந்ததில்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் அதைத் தவிர வேறு விஷயமே இல்லை. ஆகையால் அந்த வார்த்தை வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'ஓய்வெடுப்பது' என்று எழுதுகிறேன். நீங்களும் ஒன்றும் புரியாத மாதிரி படித்துவிடுங்கள்.

லவீனியாவும் நானும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அது உங்களுக்குத் தெரியும், தெரிந்த பிறகு நீங்கள் என்னோடு பேசிய மூன்று தடவையும் அதைப் பற்றித்தான் பேசினீர்கள். அவள் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு லோசேயையும் சேமிசியையும் கொண்டுவந்து விடுகிறாள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டிப் போகிறாள். நடுவில் இருப்பது இரண்டு இரவு. அந்த இரண்டு இரவுக்காகத்தான் மீதிப் பன்னிரண்டு நாளையும் ஓட்டுகிறேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். எழுதிவிட்டேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் வீட்டில் ஒரே ஒரு அறை. லோசேக்குப் பதினைந்து, சேமிசிக்குப் பதின்மூன்று. இந்த வயசுக்கு மேல் அக்காவும் தம்பியும் ஒரே இடத்தில் ஓய்வெடுக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எனக்குச் சொன்னதே நீங்கள்தான். அதை வீட்டு ஆபீஸில் இருக்கும் ஹெதர் என்ற பெண்ணிடம் சொல்லி இன்னொரு அறை கேட்டேன். நல்ல பெண், தேநீர்கூடக் கொடுத்தாள்.

"பதினாலு நாள்ல அஞ்சு இரவாவது தங்கினாத்தான் பிள்ளைங்க உங்ககூட வசிக்கிறாங்கன்னு கணக்கு, மிஸ்டர் இசிலேலி. ரெண்டு இரவுன்னா அவங்க விருந்தாளிங்க. விருந்தாளிக்கு ஹால் போதும்" என்றாள்.

"பொண்ணும் பையனும்மா."

"அக்கா தம்பிதானே?"

"அதனாலதாம்மா முடியாது."

கடைசியில் ஒரு சோபா-கம்-பெட் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

வாங்கினேன். லோசேக்கு அறை, பையனுக்கும் எனக்கும் ஹால். ஆனால் குளியலறைக்குப் போக ஹாலைத் தாண்டித்தான் போகவேண்டும், இந்த வீட்டைக் கட்டின ஆளுக்கு அக்கா தங்கை கிடையாது போலிருக்கிறது. குறுக்கே ஒரு மறைப்பு கட்டலாம் என்று பார்த்தேன். இந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்வது நல்லது, அக்கா. லோசேயின் முதல் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய மரப்பட்டைத் துணியைத்தான் கட்டினேன். ஆணி அடித்துத்தான் கட்டினேன். இரண்டாம் நாள் அது பெயர்ந்து பையன் மேல் விழுந்தது, சுவரில் நாலு ஓட்டை, அதற்கு ஆபீஸில் தனியாக ஒரு எச்சரிக்கை. அதற்குப் பிறகு அறைக் கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் சேமிசி எழுந்து வெறுங்காலோடு வாசலுக்கு ஓட ஆரம்பித்தான், அக்கா தாண்டிப் போகும்போது தான் அங்கே இருக்கக் கூடாதாம், ஜூன் மாசக் குளிர், பையன் பல் கிடுகிடுக்க நிற்கிறான். இதைக் கவனித்த லோசே சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. சேம்பு இலையில் கறி பொதிந்து லூ சமைத்த அன்றைக்குத் தேங்காய்ப்பாலில் உப்பு கூடிப்போயிற்று, அப்போதும் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நான் அழுதேன், பாத்திரம் கழுவுகிற சாக்கில்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் பையனும் நானும் வேனுக்குப் போய்விட்டோம். வாசலில்தானே நிற்கிறது, பின் சீட்டைக் கழற்றினால் இடம் இருக்கிறது, நூற்றிருபது கிலோ உடம்பை எப்படி மடக்குவது என்பது மட்டும்தான் கஷ்டம். சேமிசிக்கு அது பிடித்திருந்தது. "அப்பா, நீங்க குறட்டை விட்டா வேன் ஸ்டார்ட் ஆன மாதிரி இருக்கு" என்பான். போன வாரம் பள்ளி விடுமுறை, லவீனியா ஒரு வாரம் முழுக்க விட்டிருந்தாள், நானும் லீவு போட்டேன். அந்தச் சந்தோஷம் புதன்கிழமை வரைக்கும்தான். வேனில் யாரோ ஆள்கள் ஓய்வெடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போன் பண்ணிவிட்டார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹெதர் ஃபைலோடு வந்து கதவைத் தட்டினாள். லோசே திறந்தாள். நானும் பையனும் வேன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் உடனே இறங்க முடியவில்லை.

"இங்க யாரும்மா குடியிருக்கிறது?"

"நான்."

"அப்பா எங்கே?"

"அப்பா வேன்ல இருக்காங்க."

"தம்பி?"

"அவனும் வேன்லதான்."

பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான், இதில் அவளை என்ன சொல்ல. ஹெதர் அப்படியே எழுதிக்கொண்டாள். குடித்தனக்காரர் வண்டியில் வசிக்கிறார், வீட்டில் பதினைந்து வயதுப் பெண் தனியாகக் குடியிருக்கிறாள். இரண்டாவது அறை கேட்டுப் போனவனுக்கு, இருக்கிற ஓர் அறையும் உனக்குத் தேவையில்லை போலிருக்கிறதே, பதினாலு நாளில் விளக்கம் கொடு என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. வீடு போனால் பிள்ளைகளை எங்கே வரச் சொல்வேன்? வேனில் லோசேக்கு ஏது இடம்? லவீனியா அனுப்புவாளா? நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

ஹெதர்தான் வழி சொன்னாள். "இந்த வழக்கம் நிஜமாவே இருக்குன்னு உங்க சமூகத்துல பெரியவங்க யாராவது எழுதிக் கொடுக்கட்டும். நான் மேலே பேசிப் பார்க்கிறேன்." எங்கள் போதகரிடம் கேட்க முடியாது, அவர் லவீனியாவின் சித்தப்பா, என்னைப் பார்த்தாலே பிரசங்கத்தில் சத்தத்தைக் கூட்டுகிறார். எனக்கு நீங்கள்தான் பெரியவர். தயவுசெய்து ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். தம்பி வேனில் போய் ஓய்வெடுப்பது பைத்தியத்தால் அல்ல, மரியாதையால் என்று எழுதுங்கள். என்னைத் திட்டியும் எழுதலாம், ஆபீஸுக்குப் புரியும்படி திட்டினால் போதும்.

உங்கள் ஜெபத்தில் எங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். அத்தானுக்கு என் வணக்கம், வீட்டிலுள்ள எல்லோருக்கும் அன்பு. ஆண்டவர் உங்கள் முழங்காலை ஆசீர்வதிப்பாராக.

என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
இசிலேலி

பி.கு. இன்று திங்கள். தபாலில் போடாமல் வைத்திருந்த உறையைப் பிரித்து எழுதுகிறேன். நீங்கள் யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் காரிலிருந்து லோசே மட்டும் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் சேமிசி போன் பண்ணினான்.

"அப்பா, இனிமே ஒரு தடவ அக்கா வருவா, அடுத்த தடவ நான் வர்றேன். அப்ப ஒரு ரூம் போதும்ல?"

"யாரைக் கேட்டுடா முடிவு பண்ணினே?"

"யாரையும் கேக்கல. அம்மாகிட்ட சொன்னேன், அவ்வளவுதான்."

"அப்போ முதல்ல நீ வந்திருக்கலாமேடா."

"அது எப்படிப்பா? அவ அக்கா."

காலையில் ஆபீஸில் சொன்னேன். ஹெதருக்கு மனசார சந்தோஷம், என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் என்றால் இந்த வீடே தாராளம், நோட்டீஸையும் ரத்து செய்துவிட்டாள். இனி எனக்கு மாசத்தில் ஒரு தடவை மகள், ஒரு தடவை மகன். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் சபையில் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். பையனைத் திட்டலாமா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், அக்கா. திட்டுவதற்கு அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. நாம் அவனை நன்றாக வளர்த்துவிட்டோம்.