டிபன் கேரியரில் பச்சோந்தி முட்டை

நான் பொறாமைக்காரன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு நாற்பது வருடம் பிடித்தது. என் மனைவி கமலம் கல்யாணமாகி நாலே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அந்த நாலு மாதத்தில் நான் யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று பட்டியல் போட்டால், அதில் ஒரு பச்சோந்தியும் வரும்.

மலாயாவில் அவசரகாலம் அமலில் இருந்த வருடங்கள். ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. (பெரிய கிராணி திட்டுவதற்கென்று ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள்.) குடியிருப்பு லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, போக வர ஒரே கேட். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வெளியே போகிறவர்களின் பையையெல்லாம் கேட்டில் இருந்த மலாய்க் காவலர் திறந்து பார்ப்பார். 'உணவுப் பொருளை வெளியே கொண்டு போகக் கூடாது, மீறினால் சிறை' என்று அங்கே தமிழில் ஓர் அறிவிப்பு தொங்கியது. அதை எழுதியவன் நான். என் கையெழுத்து அழகாக இருக்கும். (வேறு அழகு எதுவும் என்னிடம் இல்லை என்பது கமலத்தின் கருத்து.)

வேலிக்கு வெளியே அரை மைல் தள்ளித் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் டிரெசர்தான். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, சுருட்டை முடி வேறு. அவர் லீவில் தமிழ்நாடு போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போது ஒரு கூடையில் இரண்டு பச்சோந்திகளைக் கொண்டு வந்தார். எங்களுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒன்றைக் கமலத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். எனக்குக் கொடுத்தது ஒரு துவாலை. இன்னொன்றைத் தானே வைத்துக்கொண்டு ராஜா என்று பெயர் வைத்தார். உடனே கமலம் தன்னுடையதற்கு ராணி என்று பெயர் வைத்தாள். அன்றைக்கே என் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

அவள் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். பொறாமைக்காரன் காதில் அதெல்லாம் விழாது. ராணிக்கு வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு அவர் கூடையோடு வருவார். நான் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், "இன்னிக்கு ராணி என்ன நிறம் பாருங்க, கண்ணுக்கே குளிர்ச்சியா இருக்கு" என்பாள். என் நிறத்தைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ஒரு வாரமாக ராணி எதையும் தின்னவில்லை. வயிறு வேறு உப்பிக்கொண்டு வந்தது. நாள் முழுக்கக் கூண்டின் மூலையைப் பிறாண்டியது. டிரெசர் வந்து பார்த்து, ஒரு மண்ணெண்ணெய் டின்னில் ஈர மண்ணைக் கொட்டி உள்ளே வைக்கச் சொன்னாராம். இரண்டு நாள் கழித்துப் பசியாற வீட்டுக்குப் போனேன்.

"ஏங்க, ராணி முட்டை போட்டிருச்சு. வந்து பாருங்க."

நாவல் கொட்டை அளவில், வெள்ளையாக, மெத்தென்று இருபதுக்கு மேல் இருந்தது. கமலத்தின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் விறைத்துப்போய் நின்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் சிரம்பான் டவுனில் பிறந்தவன், சுத்த சைவக் குடும்பம். எங்கள் வீட்டு வாசற்படியை முட்டை தாண்டியதே இல்லை. முட்டை என்று இருந்தால் அதற்கு ஓர் அப்பன் இருந்தாக வேண்டும் என்பதுதான் என் அறிவு. ராணியோ எங்கள் வீட்டில் தனியாக இருப்பவள். எனக்குத் தெரிந்த ஒரே ஆண் பச்சோந்தி ராஜா. ராஜா அரை மைல் தானாக நடந்து வந்திருக்காது. யாரோ கூடையில் வைத்துக் கொண்டு வந்திருக்க வேண்டும்.

புத்தியுள்ளவன் பெண்டாட்டியிடம் கேட்டிருப்பான். நான் நேராகக் கேட்டுக்குப் போய், வருகிறவர் போகிறவர் பெயரை எழுதும் புத்தகத்தைப் புரட்டினேன். 'டிரெசர், கூடை ஒன்று.' அந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை. என் காது இரண்டும் சுட்டது.

திரும்பி வந்தபோது கமலம் குழாயடியில் இருந்தாள். சாட்சி வேண்டுமே என்று முட்டைகளை ஒரு துணியில் பொதிந்து, நசுங்காமல் இருக்க டிபன் கேரியரில் வைத்து மூடி, ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தேன். டிரெசரிடம் பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

"புக்கா," என்றார் காவலர். திற என்று அர்த்தம்.

திறந்தேன். அவர் முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேல் தொங்கிய என் கையெழுத்தைப் பார்த்தார். இது தின்கிற முட்டை இல்லை, பச்சோந்தி முட்டை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். இப்படி ஒரு பொய்யை அவர் அதுவரை கேட்டதில்லை போலும். விசிலை எடுத்து ஊதிவிட்டார்.

ரப்பர் பால் நிறுக்கும் நேரம். வாளியோடு வந்த பெண்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். "கிராணி ஐயாவா காட்டுக்குச் சாப்பாடு கடத்துறாரு? நம்பவே முடியலையே," என்று ஒருத்தி சொன்னாள். சிறைக்குப் போவது நிச்சயம் என்றே நினைத்தேன். இது என்ன முட்டை என்று சொல்லி என்னைக் காப்பாற்றக்கூடிய ஆள் அந்தத் தோட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். வேறு வழியில்லாமல் அவருக்கே ஆள் அனுப்பினேன்.

டிரெசர் சைக்கிளில் வந்தார். குனிந்து பார்த்துவிட்டுக் காவலரிடம் மலாயில் விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பச்சோந்தி முட்டைதான். என் ராஜாகூட போன மாசம் இதே மாதிரி போட்டுச்சு."

"ராஜாவா?"

"பேர் வச்சப்புறம்தான் தெரிஞ்சுச்சு கிராணி. ரெண்டுமே பொட்டைதான். சரி, இத ஏன் வெளிய தூக்கிட்டுப் போனீங்க?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "ஆண் இல்லாம எப்படி முட்டை வந்துச்சுன்னு கேக்கத்தான். நீங்கதான் அடிக்கடி கூடையோட வர்றீங்களே," என்றேன்.

பால்மரம் வெட்டும் மாரியாயி வாளியைக் கீழே வைத்தாள். "கிராணி ஐயா, எங்க வீட்டுல சேவலே கெடையாது. நாலு பொட்டைக்கோழியும் முட்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்கு யார் மேல சந்தேகப்படறதுலா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் வாளிப் பால் சிந்தியது. காவலர் விவரம் கேட்டு, மொழிபெயர்ப்பு முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, கொஞ்ச நாளில் பூஞ்சை பிடித்துவிடும் என்று டிரெசர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கமலம் வந்து டிபன் கேரியரை மூடி எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் போனபோது டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது.

"நான் லுக்குட்டுக்குப் போறேன், அம்மா வீட்டுக்கு. பாஸ் எழுதிக் குடுங்க."

தோட்டத்தை விட்டு வெளியூர் போகிறவர்களுக்குப் பாஸ் எழுதுவது என் வேலை. பெயர், ஊர் எல்லாம் எழுதிக் 'காரணம்' என்ற இடத்துக்கு வந்தேன்.

"என்ன எழுதட்டும் கமலம்? அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு போடவா?"

"புருஷனுக்குப் பொறாமைன்னு எழுதுங்க."

எழுதினேன். இவள் போனால் திரும்பி வரமாட்டாள் என்று பயம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு அழுதேன்.

"தேதி?" என்று கேட்டேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "தேதி இப்ப வேணாம். எனக்கு வேணுங்கிறப்ப போட்டுக்கிறேன்." பாஸை மடித்துப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

என் அறுபதாம் கல்யாணம் சிரம்பானில் நடந்தது. டிரெசரும் வந்திருந்தார். முடி நரைத்திருந்தது, சுருட்டை மட்டும் போகவில்லை. கமலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மாலையும் கழுத்துமாக ஒரு நாற்காலியை இழுத்துப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

பாயசம் கொண்டு வந்த என் மகள் பார்த்துவிட்டாள். "அம்மா, அந்தப் பாஸ் பத்திரமா இருக்கா?"

"பெட்டியிலதான் இருக்கு," என்றாள் கமலம். "அப்பாகிட்ட பேனா இருக்கான்னு கேளு."