சம்பந்தி கொடுத்த ஹெட்லைட் எரிகிறது

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, உங்கள் மகள், உங்கள் மாப்பிள்ளை, என் மோட்டார் சைக்கிள் ஆகிய ஐவரும் சௌக்கியம். ஐவரில் கடைசியாகச் சொன்னவர் எப்படிச் சௌக்கியமானார் என்பதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் நம்பரைப் பார்த்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுக்காததில் தப்பும் இல்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படும். ஆகவே முக்கியமானதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த பல்பு நல்ல பல்பு. தப்பு என்னுடையது.

இதற்கு மேல் படிக்கப் பொறுமை இருந்தால் படியுங்கள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அந்த எல்இடி ஹெட்லைட்டை ஒரு பெட்டியில் வைத்து, குழந்தையைத் தூக்கிவருவதுபோல எடுத்துக்கொண்டு வந்தீர்கள். "எம் பொண்ணு விடியறதுக்கு முன்னாடி உங்க வண்டியிலதான் வேலைக்குப் போறா. இந்த மஞ்ச வெளிச்சத்த நம்பி எறும்புகூட நடக்காது சம்பந்தி" என்றீர்கள். நியாயம்தான். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் ஐந்தரைக்கு இருக்க வேண்டும், முதல் பஸ் ஆறு மணிக்கு, உங்கள் மாப்பிள்ளை இரவு ஷிப்ட் முடிந்து வர ஏழாகும், எனவே கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. நீங்களே முற்றத்தில் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் மாட்டினீர்கள். சுவிட்சைப் போட்டதும் எதிர்ச்சுவர் வெள்ளையாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இருபத்தாறு வருடமாக நான் வைத்திருக்கும் வண்டி, எனக்கு ஒருநாளும் அப்படி எரிந்து காட்டியதில்லை. பிறகு நீங்கள் டீ குடிக்க உட்கார்ந்தீர்கள், நான் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன், விளக்கு அணைந்தது. காலை எடுத்தேன், எரிந்தது. மறுபடி மிதித்தேன், அணைந்தது.

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கடிதம் கிடையாது. தெருவிளக்குப் பராமரிப்பில் முப்பத்திரண்டு வருடம் ஏணி ஏறி இறங்கிய மனிதரைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் லைட் போட்டவரு, சம்பந்தி வீட்டுக்கு மட்டும் ஓட்டை பல்பா பாத்துக் கொண்டாந்துட்டாரு" என்று, அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும்போது சொன்னேன். நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "வயரிங்க ஒருதடவ பாத்துருவோம் சம்பந்தி" என்றீர்கள். "வயரிங்ல என்ன இருக்கு, போன வாரந்தான் வண்டிய முழுக்கப் பிரிச்சு பெயிண்ட் அடிச்சேன்" என்றேன். பாதி டீயைக் கீழே வைத்துவிட்டுப் புறப்பட்டீர்கள். அந்தக் கிளாஸை என் மனைவி மறுநாள் மத்தியானம்வரை நான் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரிலேயே வைத்திருந்தாள்.

அதன் பிறகு பட்டதை எல்லாம் எழுத வேண்டுமானால் தபால்காரர் தூக்கமாட்டார். எங்கள் தெருமுனை மெக்கானிக்குக்கு டாக்டர் என்று பட்டப்பெயர், எந்த வண்டி வந்தாலும் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பார், விளக்குக் கோளாறு என்று சொல்லியும் அப்படித்தான் கேட்டார், கேட்டுவிட்டு சுவிட்சை மாற்றினார், சரியாகவில்லை, பாட்டரியை மாற்றினார், சரியாகவில்லை, ஹெட்லைட் மட்டும் புதுசாகவும் மற்றதெல்லாம் பழசாகவும் இருப்பதால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று ஒரு காரணம் கண்டுபிடித்து, நான்கு இண்டிகேட்டரையும் பிரேக் லைட்டையும்கூட எல்இடி ஆக்கினார், அதற்கப்புறம்தான் கூத்து. பிரேக் பிடித்தால் ஹெட்லைட் அணையும், இடது இண்டிகேட்டரைப் போட்டால் வலதும் சேர்ந்து லேசாக எரியும், ஹார்ன் அடித்தால் முன்னும் பின்னும் உள்ள அத்தனையும் ஒரே சமயத்தில் கண்ணடிக்கும். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருநாள் என்னை நிறுத்தி, "தினமும் என் வீட்டு வாசல்ல வந்ததும் ஏன் சார் இப்படிப் பண்றீங்க, எனக்கு எழுபது வயசாகுது" என்றார். இவ்வளவுக்குப் பிறகும் நான் போகிற இடமெல்லாம், "எல்லாம் எங்க சம்பந்தி கொடுத்த பல்பால வந்த வினை" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெட்ரோல் போடும் பெண்ணிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்ததை உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை, ரயில்பாதைக்குப் பக்கத்து வளைவில் பிரேக் பிடித்தேன், விளக்கு போனது போனதுதான், திரும்ப வரவில்லை. முன்னால் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள் தன் போனை எடுத்து, டார்ச்சைப் போட்டு, என் தோளுக்கு மேலே கையை நீட்டி, "மெதுவா போங்க மாமா, நான் காட்டறேன்" என்றாள். ஆஸ்பத்திரி வாசல்வரை கையை மடக்கவில்லை. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்று வாரம் அவள் கைதான் எங்கள் வண்டிக்கு ஹெட்லைட். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளக்கைக் கழற்றி, அதே பெட்டியில் போட்டு, உங்களுக்கே திருப்பி அனுப்ப உட்கார்ந்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள். பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள். "டேங்கக் கழட்டுங்க மாமா" என்றாள்.

"டேங்குக்கும் லைட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எங்கப்பா எந்தக் கம்பத்துல லைட் எரியலன்னாலும் பல்ப முதல்ல குத்தம் சொல்ல மாட்டார். எர்த் வயர் எங்க மாட்டியிருக்குன்னுதான் பாப்பார். லீவு நாள்ல நானும் கூடப் போவேன், கீழ ஏணியப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

டேங்குக்கு அடியில் ஒரு போல்ட். வண்டியின் எல்லா விளக்குகளின் கறுப்பு வயர்களும் வந்து அந்த ஒரே இடத்தில்தான் இரும்புச் சட்டத்தோடு சேர்கின்றன. பாட்டரியிலிருந்து புறப்பட்ட கரண்டு திரும்பிப் போக அதுதான் பாதையாம். போல்ட்டைக் கழற்றினாள். அடியில் இரும்பைக் காணோம், பளபளவென்று பச்சை. உப்புத்தாளை வைத்துத் தேய்த்தாள். பச்சைக்கு அடியில் சாம்பல், சாம்பலுக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் அரக்கு. ஒவ்வொன்றும் எந்த வருடத்து நிறம் என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் அத்தனையும் நான் கலந்தவை. பெயிண்ட் கடையில் முப்பத்தொரு வருடம் நிறம் கலந்தவன் நான். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டாலும் கை சும்மா இருப்பதில்லை. வீட்டில் அசையாமல் இருக்கும் எதற்கும் வருடம் ஒரு கோட் உண்டு. என் மனைவி என் எதிரில் நெடுநேரம் அசையாமல் உட்காருவதில்லை. மற்றவர்கள் மாதிரி மேலோட்டமாகப் பூசிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, அடியிலும் பூசி, வயர் நுனியில் இருக்கும் வளையத்துக்கும் பூசி, நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டுவேன்.

"கரண்டு போறதுக்கு வழியே இல்ல மாமா. அழகா அடைச்சு வெச்சிருக்கீங்க" என்றாள்.

பழைய பல்பு கிடைத்த கரண்டை வைத்துக்கொண்டு மங்கலாகக் காலம் தள்ளியிருக்கிறது. அதுதான் அதன் இயல்பு என்று நான் நினைத்துவிட்டேன். நீங்கள் கொடுத்தது மானமுள்ள விளக்கு, அரைவயிற்றுக்கு எரியமாட்டேன் என்று அணைந்துவிட்டது. இரும்பு தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை முடுக்கி, உங்கள் ஹெட்லைட்டை மறுபடி மாட்டினோம். எரிந்தது. பிரேக்கை மிதித்தேன், எரிந்தது. ஹார்ன் அடித்தேன், யாரும் கண்ணடிக்கவில்லை. அவள் சிரித்தாள். பிறகு, கையெல்லாம் அழுக்காக இருந்ததால், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா அன்னிக்கே பாக்கலாம்னு சொன்னார்" என்றாள். எட்டு மாதத்தில் அதைப் பற்றி அவள் பேசிய ஒரே பேச்சு அதுதான். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை போனோம். வளைவுகளில் ரோட்டுக்கு நடுவில் வெள்ளைக்கோடு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருடமும் ஞாபகத்தை வைத்தே ஓட்டியிருக்கிறேன். ரயில்பாதை வளைவு வந்ததும் பழக்கத்தில் அவள் கை என் தோள்மேல் வந்தது, வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

சம்பந்தி, அந்த விளக்குக்கு நன்றி. அதை நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிவந்த மனதுக்கு நன்றி. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் பெண்ணை எங்கள் வீட்டுக்குக் கொடுத்ததற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்று நான் பேசியதை மன்னித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் பெட்ரோல் போடும் பெண்ணிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். இதற்காக நீங்கள் இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. வண்டியில் இப்போது ஒரு கோளாறும் கிடையாது. அந்த போல்ட் பக்கம் இனி என் பிரஷ் போகாது என்று உங்கள் மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சம்பந்தி அம்மாளை நானும் என் மனைவியும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். நீங்கள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வீட்டில் ஒரு பல்புகூடப் பழுதாகாமல், நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மாமா. ஆனா மன்னிப்புக் கேட்டா எங்கப்பா வரமாட்டார், 'அட அதுக்கென்ன'ன்னு அங்கேயே இருந்துடுவார். ரிப்பேர்னாதான் வருவார்" என்றாள். சொல்லிவிட்டு, அலமாரிக்கு மேலிருந்த டின்னையும் பிரஷையும் அவளே எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். ஆகவே மேலே விளக்கு எரிவதாக எழுதியிருக்கும் வரிகளை எல்லாம் அடித்துவிடவும். போல்ட்டைக் கழற்றி, அடியில் இரண்டு கோட் அடித்தாயிற்று, காய்ந்தும் விட்டது. பிரேக்கை மிதித்தால் ஹெட்லைட் அணைகிறது. டாக்டரிடம் கொண்டுபோக மாட்டேன், நானும் தொடமாட்டேன். அவளுக்கு இந்த வாரத்தில் மீதி நாளெல்லாம் விடுப்பு, வரும் திங்கட்கிழமை விடியற்காலையில் வேலைக்குப் போயாக வேண்டும், அதற்குள் வரவும். உப்புத்தாள் இங்கே இருக்கிறது. டீயை மட்டும் இந்தத் தடவை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.